ஈ37-ம் அப்பத்தா முகமும்

போன தை மாசம் ஊருக்குப் போனப்ப ஹால்ல மாட்டியிருந்த அப்பத்தா படத்தை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னாங்க அத்தை. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "ஏத்தா, இது நீ வரைஞ்சதுதான? மொதல்ல பாத்தப்ப அம்மா மாதிரியே இருந்துச்சே, இப்ப என்ன கன்னமெல்லாம் செவசெவன்னு, வெயில்ல கெடந்துட்டு வந்த மாதிரி இருக்கு?"ன்னு கேட்டாங்க.

ஃபோன்ல பழைய ஸ்கேனைத் தேடி எடுத்து படத்துக்குப் பக்கத்துல பிடிச்சுப் பாத்தேன். அத்தை சொன்னது அப்படியே சரி. கன்னத்துக்குக் கீழ, தாடையோரம், மூக்குக்கு இடது பக்கம்னு எங்கெல்லாம் நான் சாம்பல் ஊதா வச்சு நிழல் கட்டியிருந்தேனோ அங்கெல்லாம் அந்த ஊதா பாதிக்கு மேல போயிருச்சு, மேல போட்ட பிரவுன் மட்டும் தனியா நிக்குது. கண்ணு, புருவம், நெத்திச் சுருக்கம் எல்லாம் பிக்மென்ட் பேனாவுல, அதாவது கரையாத பொடி மை இருக்குற பேனாவுல போட்ட கோடு, அது ஒரு இம்மி மாறல. ரெண்டு வருஷம், எதிர்த்தாப்புல ஒரு ஜன்னல், அவ்வளவுதான்.

அன்னிக்கு ராத்திரி சரியா தூக்கம் வரல. ஆல்கஹால் மார்க்கர்ல, அதாவது சாராய வகைக் கரைப்பான்ல கரைஞ்ச சாயம் இருக்குற பேனாவுல வரைஞ்ச அந்தப் படத்துக்கு நான் எடுத்துக்கிட்ட நேரம் கிட்டத்தட்ட மூணு வாரம், அதுல முகத்துக்கு மட்டுமே பத்து நாள். ஏன்னா அப்பத்தாவோட நிறம் எனக்குப் பிடிபடவே இல்ல. அது எப்படிப் பிடிபட்டுச்சு, பிடிச்சது எப்படிக் கைய விட்டுப் போச்சுன்னு முழுசா எழுதி வச்சுரலாம்னுதான் இது, ஆல்கஹால் மார்க்கர் வாங்கிட்டு "கலர் மூடியில இருக்குற மாதிரி வர மாட்டேங்குதே"ன்னு முழிக்கிற யாருக்காவது உதவும்.

நான் மொதல்ல வாங்குனது ஸ்கின் டோன்னு போட்டிருந்த ஒரு 24 பேனா செட். தெறந்து பாத்தா அதுல முக்கால்வாசி ரோஸ், பீச், கிரீம். எங்க அப்பத்தா மாநிறத்துக்கும் ஒரு படி கூட, வயக்காட்டு வெயில்ல அம்பது வருஷம் நின்ன ஒடம்பு, அந்த செட்ல இருந்த ஒரே கடும் பிரவுனைப் போட்டா முகம் சாக்லேட் பொம்மை மாதிரி ஆகுது. அப்புறம்தான் காசு சேத்து காப்பிக்ங்கிற ஜப்பான் மார்க்கர்ல தனித்தனியா நாலு பேனா வாங்குனேன்: ஈ33, ஈ35, ஈ37, அப்புறம் கலரே இல்லாத ஜீரோ. ஒரு பேனா விலைக்கு ரெண்டு பேர் வயிறார பிரியாணி சாப்பிடலாம், அதனால ஒண்ணொண்ணையும் யோசிச்சுத்தான் வாங்கணும், அப்படி யோசிச்சு வாங்குனதாலதான் ஒரு கலரை இவ்வளவு கிட்டப் போய்ப் பாக்க முடிஞ்சுதுன்னும் தோணுது.

அந்த நம்பரைப் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். ஈ-ன்னா இங்கிலீஷ் E, எர்த், மண் நிறங்களோட குடும்பம். அடுத்து வர்ற முதல் எண் அந்தக் கலர் எவ்வளவு சுத்தமா இருக்கு, எவ்வளவு மங்கலா இருக்குங்கிறதுக்கு, சைபர் கிட்ட இருந்தா பளிச்சுன்னு இருக்கும், ஒன்பதை நோக்கிப் போகப் போக சாம்பல் கலந்த மாதிரி ஆகும். கடைசி எண் அடர்த்தி, பெருசாகப் பெருசாகக் கடும் நிறம். அப்போ ஈ33, ஈ35, ஈ37 மூணும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க, அடர்த்தி மட்டும்தான் வேற, அதனால ஒண்ணோட ஒண்ணு சண்டையில்லாம கலக்கும். சில இடத்துல இந்தக் கணக்கு இடிக்கும், ஆனா கடையில நின்னு எதை எடுக்கிறதுன்னு முடிவு பண்ண இது போதும். ஈ37-க்கு கம்பெனி வச்சிருக்கிற பேரு செப்பியா. அந்தக் காலத்துல கணவாய் மீனோட மையில இருந்து எடுத்த பிரவுனுக்கு இருந்த பேரு அது, இந்தப் பேனாவுக்குள்ள கணவாயெல்லாம் கெடையாது, சாராய வகைக் கரைப்பான்ல கரைஞ்ச சாயம்தான்.

இந்த "கரைஞ்ச சாயம்"ங்கிறதை மனசுல வச்சுக்கோங்க, மத்த எல்லாமே அதுல இருந்துதான் வருது. போஸ்டர் கலர்ல இருக்குறது பொடி, அது பேப்பர் மேல உக்காந்து பேப்பரை மறைக்கும். மார்க்கர்ல இருக்குறது பால்ல கரைஞ்ச சர்க்கரை மாதிரி முழுசா கரைஞ்ச சாயம், அது பேப்பரோட நாருக்குள்ள எறங்கி கலர் கண்ணாடி மாதிரி நிக்கும். வெளிச்சம் அந்தச் சாயத்துக்குள்ள போய், அடியில இருக்குற வெள்ளைப் பேப்பர்ல பட்டு, மறுபடி அதே சாயத்து வழியா வெளிய வந்துதான் நம்ம கண்ணுக்கு வருது. அதனால மார்க்கர் படத்துல வெள்ளைங்கிறது பேப்பர்தான், பேப்பர் பழுப்பா இருந்தா எல்லாக் கலரும் பழுப்புதான்.

ஈ37-ஐ மொதத் தடவை அப்பத்தா கன்னத்துல வச்சப்ப பதறிட்டேன். அவ்வளவு கருப்பா விழுந்துச்சு. கெட்டுப் போச்சுன்னு நெனச்சு பேனாவை மூடி வச்சுட்டு டீ போடப் போயிட்டேன், வந்து பாத்தா அதே இடம் ரெண்டு படி வெளுத்து, வறுத்த கடலைத் தோல் மாதிரி ஒரு பிரவுனா நிக்குது. காலையில வாசல் தெளிச்ச மண்ணைப் பாத்திருப்பீங்க, ஈரமா இருக்குறப்ப கருகருன்னு இருக்கும், காய்ஞ்சதும் பழைய நிறத்துக்கு வந்துரும், மண்ணுல எதுவும் கூடவும் இல்ல குறையவும் இல்ல. பேப்பர்லயும் அதேதான். நாருக்கும் நாருக்கும் நடுவுல இருக்குற காத்துதான் வெளிச்சத்தைச் சிதற அடிச்சு வெள்ளையா காட்டுது, அந்த இடத்துல திரவம் நெறஞ்சதும் சிதறல் கொறைஞ்சு இருட்டா தெரியுது, கரைப்பான் பறந்ததும் காத்து திரும்ப வந்துருது. ஈரத்துல கலரைப் பாத்து முடிவெடுக்கவே கூடாதுன்னு அன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். இப்ப ஒரு லேயர் போட்டா முழுசா காயுற வரைக்கும் அடுத்த கலரைத் தொட மாட்டேன், புறங்கையை வச்சுப் பாப்பேன், பேப்பர் சில்லுன்னு இருந்தா இன்னும் ஸ்பிரிட் போய்க்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

அப்புறம் ஒரு நாள் முழுக்க உக்காந்து கட்டம் போட்டேன். ஐவரி ஷீட்ல ரெண்டு சென்டிமீட்டர் சதுரமா ஒரு வரிசை, மார்க்கருக்குன்னே விக்கிற பேப்பர் அட்டை, மார்க்கர் பேட், அதுல ஒரு வரிசை. ஒவ்வொரு கட்டத்துலயும் ஈ37 மட்டும், ஒரு லேயர், ரெண்டு லேயர், மூணு, நாலு, அஞ்சு. ரெண்டாவது கட்டம் மொதக் கட்டத்தை விட நல்லா அடர்த்தியா இருந்துச்சு, மூணாவது லேசா, நாலாவதும் அஞ்சாவதும் பக்கத்துல பக்கத்துல வச்சாலும் வித்தியாசம் சொல்ல முடியல. யோசிச்சுப் பாத்தா ஞாயம்தான். ஒரு லேயர் சாயம் வெளிச்சத்துல பாதியைத் தின்னுச்சுன்னு வச்சுப்போம், 100 பங்கு உள்ள போனா 50 மிஞ்சும். ரெண்டாவது லேயர் அந்த 50-ல பாதியைத் திங்கும், மூணாவது 25-ல பாதியை. திங்கிறது கொறைஞ்சுக்கிட்டே போகும். அது மட்டும் இல்ல, மேல வர்ற புது மை கீழ காய்ஞ்சு கெடக்குற பழைய சாயத்தையும் மறுபடி கரைச்சுரும், ரெண்டும் ஒண்ணாகி பக்கவாட்டுல ஓடும். ஐவரி ஷீட்ல அஞ்சாவது கட்டத்தோட சதுரம் சதுரமாவே இல்ல, நாலு பக்கமும் மயிர் மயிரா வெளிய போயிருந்துச்சு, பின்பக்கம் திருப்பினா முன்பக்கத்தை விட அங்கதான் கலர் ஜாஸ்தி. மார்க்கர் பேட் பேப்பர் மெலிசா இருந்தாலும் அதோட பின்னாடி பூச்சு இருக்கு, மை உள்ள எறங்காம மேலயே நின்னுச்சு, அதனால அதே ஈ37 அங்க இன்னும் மஞ்சள் தட்டி, பளபளன்னு தெரிஞ்சுது. ஆனா கலக்குறதுக்கு அவகாசம் கொடுக்காது. ஒரே பேனா, ஒரே நாள், ரெண்டு பேப்பர், ரெண்டு பிரவுன். மூடியில இருக்குற பிளாஸ்டிக் கலர் இந்த ரெண்டுலயும் சேரல.

ஃபேனையும் சொல்லணும். எங்க ஊர் சித்திரை வெயில்ல ஃபேன் இல்லாம உக்கார முடியாது, ஆனா ஃபேனுக்கு நேர்கீழ உக்காந்து நெத்தி மாதிரி ஒரு அகலமான இடத்தை நெரப்பிப் பாருங்க, மொத இழுப்போட ஓரம் அடுத்த இழுப்பு வந்து சேர்றதுக்குள்ள காய்ஞ்சு, அதுக்கு மேல அடுத்தது ஏறி, கோடு கோடா வரிக்குதிரை மாதிரி நிக்கும். ஒவ்வொரு கோடும் ஒரு ரெண்டாவது லேயர், அவ்வளவுதான். ஓரம் ஈரமா இருக்குறப்பவே அடுத்த இழுப்பைக் கொண்டு வந்து சேக்கணும், அதுக்கு ஃபேனை நிறுத்திட்டு வேர்க்க வேர்க்க உக்கார வேண்டியதுதான். துண்டை மடியில போட்டுக்குவேன், ஒரு சொட்டு வேர்வை பேப்பர்ல விழுந்தா அந்த இடம் மையைக் குடிக்கிற விதமே மாறிடும்.

முகத்துக்கு வர்றேன். அடியில ஈ33 முழுக்க, அது ஈரமா இருக்குறப்பவே கன்னத்தோட வெளி ஓரத்துல ஈ35, அதுக்கும் வெளிய ஈ37, அப்புறம் திரும்ப ஈ35-ஐ எடுத்து ரெண்டும் சேர்ற இடத்துல சின்னச் சின்ன வட்டமா தேய்ச்சா கோடு போயிரும். இவ்வளவும் பண்ணியும் முகம் தட்டையாத்தான் இருந்துச்சு. அப்பத்தாவோட பழைய ஃபோட்டோவை ஜன்னலோரம் வச்சு உத்துப் பாத்தேன். நம்ம நிறத்து ஆளுங்க முகத்துல நிழல் விழுற இடம் வெறும் கடும் பிரவுன் இல்ல, அதுல ஒரு நீல ஊதா ஓடும், நாவப்பழத் தோல்ல மேல வெள்ளை பூத்த மாதிரி. அதுக்குத்தான் வேற ஒரு செட்ல இருந்து ஒரு சாம்பல் ஊதாவை எடுத்தேன். ஊதா மஞ்சளுக்கு எதிர்க் கலர், ஈ37-ல இருக்குற மஞ்சளை அது அமுக்கி நிழலைக் குளிர வச்சுரும்.

எதை மொதல்ல போடுறதுன்னு ஒரு பாடு இருந்துச்சு. பிரவுன் போட்டு காய வச்சு மேல ஊதா வச்சா நிழலோட ஓரம் கத்தி வச்சு வெட்டுன மாதிரி நின்னுச்சு, நடுப்பகல் வெயில் நிழல் அது. ஊதாவை மொதல்ல போட்டு காய வச்சு அதுக்கு மேல பிரவுனை ஓட்டுனா, பிரவுன்ல இருக்குற ஸ்பிரிட் கீழ இருக்குற ஊதாவைக் கொஞ்சமா கரைச்சு இழுத்துக்கிட்டு வந்து ஓரம் மெத்துன்னு ஆயிருச்சு. சாயங்காலம் திண்ணையில உக்காந்திருக்கிற முகத்துக்கு அதுதான் பொருத்தம். அப்பத்தா அந்த நேரத்துக்குத்தான் திண்ணைக்கு வரும், வெத்தலைப் பெட்டியோட. ஊதா அடியில, மேல பிரவுன்னு முடிவு பண்ணேன், கன்னம் எந்திரிச்சு வந்துச்சு, நான் அழுதுட்டேன்.

ஜீரோ பேனாவைப் பத்தி நெறைய பேர் தப்பா நெனச்சுக்கிறாங்க, நானும் மொதல்ல அப்படித்தான் இருந்தேன். அதுல சாயம் கெடையாது, வெறும் கரைப்பான். கலரை அழிக்கும்னு எதிர்பாத்து மூக்கு நுனியில வெளிச்சம் கொண்டு வர அதை வச்சேன். அழிக்கல, தள்ளுச்சு. வச்ச இடம் வெளுத்து, அதைச் சுத்தி ஒரு கடும் வளையம். அந்த வளையத்தைக் கிட்டப் போய்ப் பாத்தா ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் செவப்பு தட்டியிருக்கு. ஒரு பிரவுன்ங்கிறது பல சமயம் ரெண்டு மூணு சாயம் சேந்ததுதான், கரைப்பான் ஓடுறப்ப வேகமா ஓடுற சாயம் முன்னாடி போகும், பேப்பரைப் பிடிச்சுக்கிற சாயம் பின்தங்கும். ஸ்கூல்ல பண்ணியிருப்பீங்க, குரோமட்டோகிராஃபின்னு. நம்பலைன்னா ஒரு சாக்பீஸ் எடுங்க, அடியில இருந்து ஒரு விரல் தள்ளி மார்க்கரால ஒரு வளையம் போடுங்க, மெடிக்கல்ல கெடைக்கிற ஸ்பிரிட்டை ஒரு மூடியில கொஞ்சமா ஊத்தி சாக்பீஸை நிறுத்தி வைங்க, மை வளையம் ஸ்பிரிட்டுல முங்கக் கூடாது. கறுப்பு மார்க்கரா இருந்தா இன்னும் நல்லா தெரியும், ஸ்பிரிட் மேல ஏற ஏற நீலமும் செவப்பும் தனித்தனியா பிரிஞ்சு நிக்கும். எங்க அக்கா பையன் அரை மணி நேரம் அசையாம உக்காந்து அதைப் பாத்தான். வெளிச்சம் வேணும்ங்கிற இடத்தை மொதல்லயே பேப்பரா விட்டுரணும், கடைசியில தேவைப்பட்டா வெள்ளை ஜெல் பேனாவால ஒரு புள்ளி, அதுக்கு மேல வேற வழி இல்ல.

சேலைதான் என்னைப் படுத்துன இன்னொரு இடம். அப்பத்தா கட்டியிருந்தது மயில் கழுத்துக் கலர் பட்டு. அந்தக் கலரே ஒரு கலர் இல்லைங்கிறது நெசவு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், பாவு நூல் ஒரு நிறம், ஊடை நூல் ஒரு நிறம், நீலமும் பச்சையும் பக்கத்துல பக்கத்துல நின்னு, துணி அசையுறப்ப மாறி மாறி எட்டிப் பாக்கும். நான் நீலத்துக்கு மேல பச்சையை ஓட்டுனேன், ரெண்டு கண்ணாடியும் ஒண்ணு மேல ஒண்ணு வந்து வெளிச்சத்தைத் தின்னு, செத்த நீலப்பச்சை ஒண்ணுதான் கெடைச்சுது. அடுத்த ஷீட்ல மடிப்போட மேட்டுல பச்சை, பள்ளத்துல நீலம், ரெண்டும் முழுசா காய்ஞ்சப்புறம் நடுவுல பிரஷ் முனையால மெல்லிசு மெல்லிசா கோடு, நீலக் கோட்டுக்கு நடுவுல பச்சை, பச்சைக்கு நடுவுல நீலம், ஒண்ணை ஒண்ணு தொடாம. தூரத்துல இருந்து பாத்தா அசையுற மாதிரி இருந்துச்சு. அதே நெசவாளி பண்ற வேலைதான், நூலுக்குப் பதிலா மை.

நடுவுல ஒரு விஷயம், இளம் கலர் பேனாவை கடும் கலர் மேல தேய்ச்சா அதோட முனை அந்தக் கடும் சாயத்தை எடுத்துக்கும், அடுத்த இடத்துல வச்சா அழுக்கா வரும். பயப்பட வேண்டாம், வேஸ்ட் பேப்பர்ல சுத்தமாகுற வரைக்கும் கிறுக்குனா போயிரும். அப்புறம் தீரப் போற பேனா. ஸ்பிரிட் பறந்து சாயம் கெட்டியாகி அதே ஈ37 கறுத்துப் போய் வரட்டு வரட்டுன்னு விழும், கலர் மாறிப் போச்சேன்னு தேட வேண்டாம், ரீஃபில் ஊத்துங்க.

சரி, ஊதா ஏன் போச்சு.

சாயம்னாலே வெளிச்சத்துக்குப் பகை. பிக்மென்ட்ங்கிறது பொடி, ஒரு துணுக்குல எக்கச்சக்க மூலக்கூறு கட்டியா சேந்து இருக்கும், மேல இருக்குறது அழிஞ்சாலும் உள்ள இருக்குறது நிக்கும். கரைஞ்ச சாயத்துல ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியா வெளிச்சத்துக்கு முன்னாடி நிக்குது. வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிர் அந்த மூலக்கூறை ஒடைச்சுருது, ஒடைஞ்சதுக்குக் கலர் இல்ல. ஒவ்வொரு சாயம் ஒவ்வொரு வேகத்துல ஒடையும், அதுதான் விஷயமே. எல்லாம் ஒரே வேகத்துல வெளுத்தா படம் மொத்தமா வெளுத்திருக்கும், முகம் முகமாவே இருந்திருக்கும். என் படத்துல ஊதா முந்திக்கிச்சு, பிரவுன் நின்னுச்சு, அதனால நிழல் சூடாகி அப்பத்தா வெயில்ல நின்ன மாதிரி ஆச்சு. இது எந்தக் கம்பெனியோட தப்பும் இல்ல, மார்க்கர்ங்கிறது டிசைன் பண்றவங்களும் காமிக்ஸ் வரையுறவங்களும் அச்சுக்குக் கொடுக்குற படம் வரையுற கருவி. காப்பிக்ங்கிற பேரே காப்பிங்கிறதுல இருந்து வந்ததுதான், 1987-ல ஜப்பான்ல வந்தப்ப ஜெராக்ஸ் எடுத்த கோட்டு மேல கலர் அடிச்சா டோனர், அதாவது ஜெராக்ஸ் மெஷினோட கறுப்புப் பொடி, கரையாதுங்கிறதுதான் அதோட பெரிய விசேஷம். வரைஞ்சு முடிச்சு அச்சாகிட்டா ஒரிஜினல் உள்ள போயிரும். அதைக் கண்ணாடி போட்டு ஜன்னலுக்கு எதிர்த்தாப்புல மாட்டுனது நான்.

தை மாசமே திரும்பி வந்ததும் ஒரு சோதனை வச்சேன். என்கிட்ட இருக்குற எல்லா மார்க்கர்லயும் ஒரு நீளப் பட்டை, பாதியை சமையக்கட்டு அலுமினியம் ஃபாயிலால மூடி, தெக்கு பாத்த ஜன்னல் கண்ணாடியில ஒட்டிட்டேன். மாசத்துக்கு ஒரு தடவை ஃபாயிலைத் தூக்கிப் பாப்பேன். ரோஸ் ரெண்டும் மொதல்ல போச்சு, அப்புறம் அந்தச் சாம்பல் ஊதா, மூடுன பாதிக்கும் மூடாத பாதிக்கும் நடுவுல ரூல் போட்ட மாதிரி கோடு. ஈ37 கொஞ்சம்தான் எறங்கியிருக்கு, அதுவும் மஞ்சள் பக்கமா. இந்தப் பட்டையைத்தான் இப்ப பக்கத்துல வச்சுக்கிட்டு நிழலுக்கு எந்த ஊதான்னு முடிவு பண்றேன். பகல்ல ஜன்னலோரம் ஒரு தடவை, ராத்திரி டியூப்லைட்ல ஒரு தடவை பாத்துருவேன், ஏன்னா பகல்ல இரட்டைப் பிள்ளை மாதிரி இருந்த ரெண்டு பிரவுன் எல்இடி லைட்டுக்குக் கீழ ஒண்ணு பச்சை தட்டி ஒண்ணு செவந்து நின்னதைப் பாத்திருக்கேன்.

ஆடியில அப்பத்தாவைத் திரும்ப வரைஞ்சேன். அதே ஈ33, ஈ35, ஈ37, நிழலுக்கு ஜன்னல்ல அதிகம் எறங்காத ஒரு நீலச் சாம்பல். பழைய ஊதா கொடுத்த நாவப்பழப் பூப்பு இதுல முழுசா வரல, அதை ஒத்துக்கத்தான் வேணும், பத்துக்கு எட்டு வந்திருக்கு. முடிஞ்ச அன்னிக்கே ஸ்கேன் பண்ணேன், ஸ்கேனர் ஈ33-ஐ கிட்டத்தட்ட வெள்ளையா காட்டுச்சு, ஒரிஜினலைப் பக்கத்துல வச்சு ஒவ்வொரு இடமா சரி பண்ண ரெண்டு நாள் ஆச்சு. பிக்மென்ட் மையில பிரிண்ட் எடுத்து ஃபிரேம் போட்டு ஹாலுக்கு அனுப்பிட்டேன்.

ஒரிஜினல் அத்தை வீட்டு பீரோவுல, ஒரு ஃபைலுக்குள்ள, பட்டுச் சேலைங்களுக்கு நடுவுல இருக்கு. அப்பத்தா திதி அன்னிக்கு மட்டும் அத்தை அதை வெளிய எடுத்து வெளக்குக்குப் பக்கத்துல சாத்தி வைப்பாங்க. படையல் முடிஞ்சு இலை எடுத்ததும் திரும்ப உள்ள வச்சுட்டு எனக்கு ஒரு ஃபோன் போடுவாங்க, "வச்சுட்டேன்த்தா, வெயில் படல"ன்னு.